தாத்தாவின் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கமாக ஒரு வீடு. அந்த வீட்டுத் தாத்தா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. டாங்கி, ராணுவ உடை, ஆராய்ச்சிக்கூடம் என்று ஒவ்வொன்றாகச் சேர, தெருவுக்கு ஒரு 'மிலிட்டரி தாத்தா' என்பது இங்கே சாதாரணம்.

அந்தத் தாத்தா காலமாகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவை நகர்த்தினால், பழைய போர்வை சுற்றிய ஒரு ரைபிள். கூடவே லைசென்ஸ் புத்தகம். அதில் ஈரம் பட்டு மை கலைந்திருக்கிறது. 'ரைபிள் ஒன்று' என்பது மட்டும் தெரிகிறது. துப்பாக்கியின் மேலே பார்த்தால் முன்பக்க மரம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. குழல் பளபளவென்று பாலீஷ். முத்திரைகள் தேய்ந்து போயிருக்கின்றன. ராணுவத் துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கியாக யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

"பெரியப்பா, இதுக்கு என்ன தோட்டா?" என்று கேட்கிறான் பேரன்.

"பார்த்தாலே தெரியலையாடா? த்ரீ நாட் த்ரீ."

"அதெல்லாம் இல்ல அத்தான்" என்கிறார் தாய்மாமா. "த்ரீ நாட் த்ரீயை வீட்டுல வைக்க விடவே மாட்டாங்க. இது 315."

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஏட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "செவன் சிக்ஸ்டி டூ மாதிரி இருக்குதே சார்" என்கிறார்.

இது கற்பனைக் கதைதான். ஆனால் கதையில் உள்ள சிக்கல் கற்பனை இல்லை. மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் சரியாக இருக்கலாம். மூன்று பேருமே தப்பாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்லவே முடியாத ஒன்றை மூவரும் பார்த்துச் சொல்கிறார்கள், தவறு அங்கேதான். ஒரு பழைய ரைபிள் எந்தத் தோட்டாவுக்கானது என்பதை அதன் உருவமும் சொல்லாது, புத்தகமும் சொல்லாது, பெரியப்பாவும் சொல்ல முடியாது. குழலின் பின்பக்கம் தோட்டா போய் உட்காரும் அறை இருக்கிறதே, அதை அளந்தால் மட்டுமே தெரியும். அப்படி அளக்காமல் எந்தப் பழைய ரைபிளுக்கும் லைசென்ஸ் மாற்றவும் கூடாது, அதை எந்தக் குற்றத்தோடும் சேர்க்கவும் கூடாது என்பதுதான் இந்தப் பதிவின் வாதம்.

ஒரே சட்டை, ஐந்து ஆள்

இந்தியாவில் பழைய ரைபிள் என்றாலே கண் முன்னால் வருவது லீ என்ஃபீல்டுதான். 1907-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்க் 3 மாடல். கொல்கத்தா பக்கம் ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் இது பல பத்தாண்டுகள் தயாரானது. பழைய தமிழ்ப் படங்களில் போலீஸ்காரர் தோளில் தொங்குவதும் இதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் 303-க்கு விடை கொடுத்தது என்றால் எவ்வளவு காலம் ஓடியது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் 'லீ என்ஃபீல்டு மாதிரி இருக்கிறது' என்று சொன்னால் அது எதையும் சொன்னதாகாது. அதே உடம்புக்குள் குறைந்தது ஐந்து விதமான அறைகள் உண்டு.

ஒன்று, அசல் .303. தோட்டாவின் பித்தளைக் கூடு 56 மில்லிமீட்டர் நீளம், அடியில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பு.

இரண்டு, .315. இது ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மேன்லிக்கர் தோட்டா வழியில் வந்தது. கூடு 50 மி.மீ. தான். இந்தியாவில் பொதுமக்கள் லைசென்ஸில் வாங்கக்கூடிய வேட்டை ரைபிளாக ஈஷாப்பூர் இதைத் தயாரித்தது. உள்ளே இருக்கும் இயங்கு பாகம் லீ என்ஃபீல்டு வகைதான்.

மூன்று, .410 மஸ்கட். பழைய 303 ரைபிளின் குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லாமல் வழவழவென்று துளைத்து, ஒற்றைத் தோட்டா துப்பாக்கியாக மாற்றி, போலீஸுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். கடையில் கிடைக்கும் .410 ஷாட்கன் தோட்டா வேறு, இது வேறு. 303-ன் பித்தளைக் கூட்டைக் கழுத்தில்லாமல் நேராக்கியது போன்ற ஒரு தனித் தோட்டா இதற்கு.

நான்கு, 7.62. 1962 சீனப் போருக்குப் பிறகு ஈஷாப்பூர் லீ என்ஃபீல்டையே வலுவான எஃகில், 7.62×51 தோட்டாவுக்காகச் செய்தது. 2ஏ, 2ஏ1 என்று பெயர். தோட்டாப் பெட்டி கொஞ்சம் சதுரமாக இருக்கும். மற்றபடி தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி.

ஐந்து, .22. பயிற்சிக்காக மாற்றியது. என்.சி.சி.யில் இருந்த நண்பர்கள் பலருக்குக் கைப்பழக்கம் இருக்கும்.

இது போதாதென்று 'டி.பி.' என்று முத்திரை குத்திய டிரில் துப்பாக்கிகள் வேறு. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டுமே, சுடவே கூடாது என்று ஒதுக்கியவை. பாலீஷ் போடுகிறவர் அந்த இரண்டு எழுத்தைத் தேய்த்துவிட்டால்? சுடக்கூடாத துப்பாக்கி அழகான வேட்டைத் துப்பாக்கி ஆகிவிடும்!

ராணுவத்துக்கே தெரியவில்லை

'அனுபவசாலி கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்' என்பவர்களுக்கு 1940-ல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டன் தன் 'பேட்டர்ன் 14' ரைபிளை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்யச் சொன்னது. அது .303. பிறகு 1917-ல் அமெரிக்காவே போரில் இறங்கியபோது, அதே தொழிற்சாலைகள் அதே ரைபிளைத் தங்கள் நாட்டு .30-06 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தன. அதன் பெயர் 'மாடல் 1917'. இரண்டுக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்றே.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி படையெடுத்து வரும் என்ற பயத்தில் பிரிட்டன் ஊர்க்காவல் படையை அமைத்தபோது, இந்த மாடல் 1917 ரைபிள்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பார்ப்பதற்கு ஒன்றாகத் தெரியும் துப்பாக்கிகள். தோட்டா மட்டும் வேறு. என்ன செய்தார்கள் தெரியுமா? .30-06 ரைபிளின் முன்பக்க மரத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பட்டை அடித்தார்கள். சிவப்பு இருந்தால் 303-ஐப் போடாதே. அவ்வளவுதான்.

ஆயுதங்களோடே வாழ்ந்த ராணுவமே கண்ணை நம்பவில்லை, பெயிண்டை நம்பியது! போர் முடிந்தபின் இந்தத் துப்பாக்கிகள் மலிவு விலைக்கு வந்தன. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எல்லா இடத்திலும் மரத்தை வெட்டி, குழலைக் குட்டையாக்கி வேட்டைக்கு மாற்றினார்கள். முதலில் வெட்டி எறிந்தது முன்பக்க மரத்தை. சிவப்புப் பட்டையும் அதோடு போயிற்று. வேட்டைத் துப்பாக்கியாக மாற்றுவது என்றாலே பெரும்பாலும் அடையாளத்தை அழிப்பதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

எண்கள் செய்யும் குழப்பம்

சரி, குழல் வாயை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாமே? அதுவும் முடியாது.

.303 அங்குலம் என்பது 7.70 மி.மீ. அது குழலுக்குள் இருக்கும் மேடுகளுக்கு இடையே உள்ள அளவு. அதில் போகும் குண்டின் விட்டம் கிட்டத்தட்ட 7.92 மி.மீ. ஆனால் '7.92 மவுசர்' என்ற பெயரில் இருக்கும் ஜெர்மன் தோட்டா முற்றிலும் வேறு. அதன் குண்டு 8.2 மி.மீ. '7.62' என்ற தோட்டாவின் குண்டோ 7.82 மி.மீ. பெயரில் ஒரு எண், பொருளில் ஒரு எண்!

இதற்கு நேர்மாறாக, ஒரே தோட்டாவுக்கு இரண்டு பெயரும் உண்டு. ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பி ரைபிளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-ல் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. அந்த '.275 ரிக்பி' தோட்டா வேறொன்றுமில்லை, ஜெர்மன் 7×57 மவுசர்தான். அதே மவுசர் தோட்டாவை வைத்துத்தான் தென்னாப்பிரிக்காவில் போயர்கள் பிரிட்டிஷ் படையைச் சுட்டார்கள். இங்கிலாந்துக் கடையில் அது ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டது.

தப்பான பெயரை நம்பினால் என்ன ஆகும்? ஓர் உதாரணம் போதும். 7.62×51 தோட்டாவும் .30-06 தோட்டாவும் அடிப்பக்கம் ஒரே 12 மி.மீ. அளவு. குண்டும் ஒரே விட்டம். நீளம் மட்டும் ஒன்று 51, மற்றொன்று 63. நீளமான அறைக்குள் குட்டைத் தோட்டா அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். சுட்டால், பிடிமானம் இல்லாத முன்பகுதியில் பித்தளை ஊதி வெடித்துக் கிழியும். சூடான வாயு பின்பக்கம் பீறிட்டு வரும். பின்பக்கம் இருப்பது சுடுபவரின் கண். 'உள்ளே போகிறது, அப்படியானால் சரியான தோட்டாதான்' என்பது எவ்வளவு ஆபத்தான முடிவு என்று இதில் இருந்தே தெரியும்.

அழுத்தமும் வித்தியாசப்படும். சி.ஐ.பி. என்ற சர்வதேச அமைப்பின் கணக்குப்படி 303-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 3,650 பார். 7.62-ன் பொதுமக்கள் வடிவமான .308 வின்செஸ்டருக்கு 4,150 பார். ஈஷாப்பூர் எஃகை மாற்றியது சும்மா இல்லை.

அறையிடமே கேட்பது

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? வழி பழையது, எளியது, விலையும் குறைவு. அறைக்குள் உலோகத்தை ஊற்றி அச்சு எடுப்பது.

பிஸ்மத், ஈயம், தகரம், காட்மியம் கலந்த ஓர் உலோகக் கலவை இருக்கிறது. செரோசேஃப் என்று பெயர். 71 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அதாவது காபிக்குத் தண்ணீர் கொதிக்கும் முன்பே இது உருகிவிடும். குழலுக்குள் அறையைத் தாண்டிக் கொஞ்சம் தூரத்தில் துணியை அடைத்து, பின்பக்கம் வழியாக இதை ஊற்றி, கெட்டியானதும் முன்பக்கத்தில் இருந்து கம்பியால் தள்ளினால் அறையின் உருவம் அப்படியே கையில் வந்துவிடும். முதல் அரை மணி நேரம் இந்த உலோகம் கொஞ்சம் சுருங்கும், பிறகு விரியும். ஒரு மணி நேரம் ஆனதும் அறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அப்போது வெர்னியரால் அளக்க வேண்டும். பாலிடெக்னிக் முதலாண்டு மாணவன் பிடிக்கும் அதே வெர்னியர்தான்.

அச்சில் நாலைந்து அளவு எடுத்தால் போதும். அடிப்பக்க விட்டம், தோள் எங்கே தொடங்குகிறது, கழுத்தின் விட்டம், மொத்த நீளம். கூடவே போல்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். 303-ன் விளிம்பு 13.7 மி.மீ., 7.62-ன் அடி 12 மி.மீ. போல்ட் எதைப் பிடிக்கச் செய்யப்பட்டது என்பதே பாதி விடை. பிறகு மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றைக் குழல் வழியாக மெல்லத் தள்ளி வரிப்பள்ளங்களின் அளவை எடுக்கலாம். இதில் ஒரு வேடிக்கை: லீ என்ஃபீல்டில் வழக்கமாக ஐந்து பள்ளம். ஒற்றைப்படை என்பதால் பள்ளத்துக்கு எதிரே பள்ளம் வராது, மேடுதான் வரும். அவசரப்பட்டு அளந்தால் தப்பான எண் வரும்.

இதையெல்லாம் வீட்டில் செய்துபார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் ஆயுதச் சட்டம், 1959-ன் 5ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துபோனால் வாரிசுகள் அதை 21ஆம் பிரிவுப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். அயனம்பாக்கத்துப் பேரன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

சட்டம் கேட்கும் கேள்வி

இங்கேதான் விஷயம் உயிரில் இருந்து ஜெயிலுக்குத் தாவுகிறது.

தாய்மாமா சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு இருந்த பெரிய பயம், ராணுவத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடுமோ என்பது. அதனால் ராணுவம் பயன்படுத்தும் தோட்டாவைத் தனியார் துப்பாக்கியில் தடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவையே இந்தியாவில் தடை செய்ய, லண்டன் கம்பெனிகள் இந்திய வேட்டைக்காரர்களுக்காக .465, .470 என்று புதுப்புதுத் தோட்டாக்களை உருவாக்கின. .315 இங்கே வேரூன்றியதும் இதே காரணத்தால்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த யோசனை தொடர்கிறது. ஆயுத விதிகளின் முதல் அட்டவணை .303, 7.62 ரைபிள்களைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைக்கிறது. .410 மஸ்கட்டையும் அப்படியே. அதோடு நிற்கவில்லை. அந்த ராணுவத் தோட்டாக்களைத் தன் அறையில் ஏற்றிச் சுடக்கூடிய வேறு எந்த அளவுத் துப்பாக்கியும் தடைசெய்யப்பட்டதே என்கிறது. கவனிக்க வேண்டும்: சட்டம் பெயரைக் கேட்கவில்லை. அறையைத்தான் கேட்கிறது!

பலத்தை வைத்துத் தடை செய்யவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. 303-ஐ விட வலுவான .30-06 தடைப்பட்டியலில் இல்லை. அரசுத் தொழிற்சாலையே அதை வேட்டை ரைபிளாக விற்றது. ஆக, தாத்தாவின் ரைபிள் .315-ஆ .303-ஆ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்றென்றால் சாதாரண லைசென்ஸ் மாற்றம். மற்றொன்றென்றால் தடைசெய்யப்பட்ட ஆயுதம். 2019-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, அதை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர்கள். அந்த மில்லிமீட்டர்களை யாராவது அளக்க வேண்டாமா?

சட்டத்தின் 8ஆம் பிரிவு துப்பாக்கியில் தயாரித்தவர் பெயர், எண் போன்ற அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் எண் என்பது ஆளின் பெயர் மாதிரி. அறை என்பது ரத்த வகை மாதிரி. பெயர் பொருந்துகிறது என்று யாரும் ரத்தம் ஏற்றுவதில்லை.

எதிர்ப்பேச்சுகள்

'எதற்கு இவ்வளவு பாடு? பழைய துப்பாக்கியை எல்லாம் உருக்கிவிட வேண்டியதுதானே' என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கட்சிதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைத் துப்பாக்கிக்கு வேலையே போய்விட்டது. வேண்டாம் என்று ஒப்படைப்பவர் தாராளமாக ஒப்படைக்கட்டும். ஆனால் உருக்குவதற்கு முன்னும் அது என்ன என்று எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உருகியது ஒன்று, ஏட்டில் இருப்பது இன்னொன்று என்றாகும். அந்த இடைவெளியில்தான் துப்பாக்கிகள் காணாமல் போகும்.

'போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருப்பவர்கள் பார்த்தே சொல்வார்கள்' என்பது இரண்டாவது. மேலே சொன்ன ஐந்து ஆள் கதையும் சிவப்புப் பட்டைக் கதையும்தான் பதில். தவிர, ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகள் ஸ்டேஷனுக்கு வந்துதான் போகின்றன. வரும்போது எண்ணைச் சரிபார்க்கிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அறையையும் அளந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியின் கதை முடிந்தது.

'செலவு?' செரோசேஃப்பை உருக்கி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். மயிலாப்பூரில் தமிழ்நாடு தடய அறிவியல் துறை இருக்கிறது. திருச்சியில் ரைபிள் செய்யும் தொழிற்சாலையே இருக்கிறது. ஆள் இல்லாத ஊர் இல்லை இது.

என்ன செய்யலாம்?

வாரிசுக்கு மாறும் ஒவ்வொரு பழைய ரைபிளுக்கும் அறை அச்சு கட்டாயம் என்று விதி வேண்டும். அளந்த முடிவை லைசென்ஸில் முழுதாக எழுத வேண்டும். '303' என்று மொட்டையாக இல்லாமல் கூட்டின் நீளத்தோடு. இதற்கு முன்மாதிரி உண்டு. பிரிட்டனில் பழைய ராணுவ ரைபிள்களைச் சோதித்து விற்றபோது குழலிலேயே '.303, 2.222 அங்குலம், 18.5 டன்' என்று குத்தினார்கள். விட்டம், கூட்டின் நீளம், அழுத்தம். மூன்றே எண். படித்தவருக்குக் குழப்பம் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. தானாக முன்வந்து 'இது என்னவென்று தெரியவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்' என்று கொண்டுவரும் வாரிசைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது. அளந்த பிறகு 303 என்று தெரிந்தால் அரசு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கொண்டுவந்தவர் மேல் வழக்கு வராது என்ற உறுதி வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ராத்திரியோடு ராத்திரியாகத் துப்பாக்கி ஏரிக்குள் போகும், அல்லது யாருக்கோ கைமாறும். இரண்டுமே ஊருக்கு நல்லதில்லை.

அயனம்பாக்கத்து வீட்டுக்கே திரும்பினால், பெரியப்பாவும் மாமாவும் ஏட்டும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கலாம். பேரன் மட்டும் போர்வையை மறுபடி சுற்றி, லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அங்கே அவன் சொல்ல வேண்டியது ஒரே வரி: "எங்களுக்குத் தெரியலை சார், அளந்து சொல்லுங்க."

அந்த வரியைச் சொல்லும் ஒருவன் பயப்படாமல் வீடு திரும்ப முடிந்தால், அதுவே நல்ல துப்பாக்கிச் சட்டம்.